வாடைக்கு எந்தக் கரையில் நிற்பது: கடல்நீரேரிப் பட அனுபவங்கள்

யாழ்ப்பாணம் அரியாலையிலிருந்து:

என் பறவைப் படங்கள் தேறியதற்கு லென்ஸைவிடக் காற்றே பெரிய காரணம் என்று தயங்காமல் சொல்வேன். சரசாலைக் குருவிக்காட்டுப் பக்கத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் கமெராவுடன் நிற்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, காத்து எந்தப் பக்கத்தால வருகுதெண்டு பாத்தீரோ? நாரை எழும்பினாலும் இறங்கினாலும் காத்துக்கு முகம் குடுத்துத்தான்" என்றார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் சொல்லிக் கடற்றொழிலாளர் நாள்தோறும் பார்த்து நடக்கும் கணக்கு, படம் எடுப்பவருக்கும் அப்படியே உதவும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

கார்த்திகையிலிருந்து தை வரை வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. காலைச் சூரியனும் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே நீர்ப்பரப்பின் கிழக்குக் கரையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நின்றால், இறங்க வரும் பறவை நம்மை நோக்கியே வரும். அதன் கண்ணிலும் விரிந்த சிறகின் அடிப்புறத்திலும் தாழ்ந்த வெயில் நேராக விழும். அதே நாள் மாலையில் ஒளிக்காக மேற்குக் கரைக்குப் போனால் வாலும் முதுகுமே மிஞ்சும். வைகாசிக்குப் பிறகு சோழகம் தென்மேற்கிலிருந்து வீசுவதால் எல்லாம் மாறிவிடும். அப்போது மாலையும் மேற்குக் கரையுமே நல்லவை.

1938 முதல் சரணாலயமாகவும் 2015 முதல் தேசியப் பூங்காவாகவும் இருக்கும் சுண்டிக்குளத்தில் பூநாரைகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்கின் அருமை தெரியும். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. காற்றை எதிர்த்து நீரில் சில அடி தூரம் ஓடித்தான் எழும்பும். ஓடுவதற்கு முன் கவிழ்ந்திருந்த அலகுகள் நீரிலிருந்து வெளியே வரும், கழுத்துகள் நிமிரும், கூட்டம் முழுவதும் ஒரே திசையில் விறுவிறுவென்று நடக்கும். ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடிக்கு வைத்துக் காத்திருந்தால், பாதம் தெறிக்கும் நீர்த்துளிகள்கூடத் தெளிவாகப் பதியும். ஆனால் அந்த நடை நம்மைக் கண்டு தொடங்கியதாயின் உடனே பின்வாங்க வேண்டும். வெகு தூரம் பறந்து இரை தேடி வந்த பறவையை ஒரு படத்துக்காகக் கலைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

கண்டல் மரங்களின் இருண்ட பச்சைக்கு முன்னால் வெண்கொக்கு நிற்கும்போது, கமெரா இருட்டைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகின் இழைகள் வெளிறிப்போகும். ஒளியளவை ஒரு படி குறைத்துவிட்டால் இழைகள் தங்கும். வெயில் ஏறிச் சேற்றுத் தரையில் கானல் எழத் தொடங்கிய பிறகு எந்த லென்ஸாலும் தூரத்துப் பறவையைத் தெளிவாக எடுக்க இயலாது. நான் அப்போதே கமெராவைப் பைக்குள் வைத்துவிடுவேன்.

நெடுந்தீவிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன கானல் இங்கே இன்னும் கடுமை. குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகு ஏறி வந்து பிற்பகலில் திரும்புகிறவர்கள், இந்தத் தீவில் கட்டின்றித் திரியும் குதிரைகளைக் காண்கிறார்கள். ஆனால் உச்சி வெயிலில் அவற்றின் வயிற்றுப்புறம் கறுத்தும் முதுகு வெளிறியும்தான் படத்தில் விழுகின்றன. ஓர் இரவு தங்கினால் காலை ஒளியும் மாலை ஒளியும் கிடைக்கும்.

மரம் குறைந்த இந்த வெளியில் நின்றபடி எடுத்தால் அடிவானக் கோடு குதிரையின் கழுத்தை அறுத்துக்கொண்டு போகும். முழந்தாளிட்டுக் கமெராவை இடுப்பளவுக்கும் கீழே இறக்கினால் அந்தக் கோடு கால்களுக்கு இறங்கிவிடும். தலையும் பிடரியும் வானத்துக்கு எதிரே தனித்துத் தெரியும். சோழகக் காலத்தில் நீர்நிலைகள் வற்றும்போது குதிரைகள் எஞ்சிய தண்ணீரைத் தேடி வருகின்றன. அந்நேரத்தில் குதிரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். குதிரைகள் குடிக்காமலே திரும்பிப் போயின. தங்க வருகிறவர்கள் முன்கூட்டியே எனக்கு எழுதினால், அவை எந்தப் பக்கம் மேய்கின்றன, எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதை ஊரவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.