"இவன் யாரைப் பாக்குறான், தம்பி?": வடசென்னை மினியேச்சர் கலைஞர்களின் அனுபவப் பகிர்வு

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

மேசைமேல் ஆடும் போர் ஆட்டங்களுக்கான 28 மி.மீ. பிளாஸ்டிக் உருவத்துக்குக் கண் வைப்பது எவ்வளவு பாடு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொலு முடிந்து வேலை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், வாளேந்திய வீரன் ஒருவனைப் பஞ்சில் பொதிந்து கொசப்பேட்டைக்கு எடுத்துச் சென்றேன். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பெரியவர் ஒருவர் அவனை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலை மொத்தமே ஏறத்தாழ 4 மி.மீ. இதற்குக் கண் எப்படி வைப்பது என்று நான் வாய் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்: "இவன் யாரைப் பாக்குறான், தம்பி?"

என்னிடம் விடை இல்லை. வாள் சாய்ந்திருந்த பக்கத்தையும் தோள் திரும்பியிருந்த வாகையும் வைத்து அவரே ஒரு முடிவுக்கு வந்து, வலக்கையின் விளிம்பை இடக்கையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு ஒரு புள்ளியாக இரண்டு புள்ளிகள் வைத்தார். இரண்டும் நடுவில் இல்லை. வாள்முனை இருந்த பக்கமாக ஒதுங்கியிருந்தன. அடுத்த கணம் அந்தப் பிளாஸ்டிக் உருவத்துக்கு எதிரே யாரோ நிற்பதாகத் தோன்றியது. மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகே கண் திறக்க வேண்டும் என்றும் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார். இப்போது பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்க எந்த உருவத்தை எடுத்தாலும் முதலில் அவர் கேள்விதான் காதில் விழுகிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

பெரியவரின் கைத்திறனை வணங்குகிறேன். ஆனால் கண்ணைக் கடைசியில் வைக்கும் முறை நம் உருவங்களுக்கு ஒத்துவராது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். களிமண் பொம்மையின் முகம் பெரியது, வழவழப்பானது. நம்முடையதில் கண் ஒரு குழிக்குள் இருக்கிறது. தூரிகை உள்ளே போகும்போது இமையையும் கன்னத்தையும் தொடாமல் வராது. கண்ணை முதலில் முடித்துவிட்டால், வழிந்ததையெல்லாம் தோல் நிறத்தால் மூடிவிடலாம்.

என் அனுபவம் சிறியதுதான். பெரம்பூரில் ஒரு மொட்டைமாடியில் இந்த உருவங்களை வைத்துப் போர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, எதிரே ஆடியவரின் மகள் என் படையிலிருந்து ஒருவனை எடுத்து, "இந்த அண்ணன் கோவமா இருக்காரு" என்றாள். அவனுக்கு நான் கண்ணே வரையவில்லை. குழியில் பழுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த வண்ணம்) மட்டும் விட்டிருந்தேன். கை நீட்டும் தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணைவிட அதைச் சுற்றியுள்ள நிழலே முகத்தைப் பேசவைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

வரைந்தே தீருவேன் என்பவர்களுக்குச் சில யோசனைகள். சுத்த வெள்ளையை நாடாதீர்கள், முழி பிதுங்கியதுபோல் ஆகிவிடும். வெள்ளையில் துளி தோல் நிறம் கலந்துகொள்ளுங்கள். கருமணிக்குக் கறுப்பைவிட அடர்பழுப்பு மென்மையாக நிற்கும். மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள்; அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள டிபன் டப்பாவில் ஈரப் பஞ்சை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் வண்ணத்தைக் கலந்தால் சித்திரை வெயிலிலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். நுண்தூரிகைதான் வேண்டும் என்று தேடி அலையாதீர்கள்; நுனி கூராக நிற்கும் நடுத்தரத் தூரிகை அதைவிட அதிக வண்ணம் தாங்குவதால் நுனியில் சீக்கிரம் காயாது. முழங்கை இரண்டும் மேசையில் இருக்கட்டும்.

இராயபுரத்திலிருந்து:

தண்டையார்பேட்டை நண்பர் சொல்லும் தூரத்தை நான் ஏற்கவில்லை. வார்ஹாமர் 40,000 போன்ற ஆட்டங்களில், எதிரி தெரிகிறானா என்று அறிய உருவத்தின் உயரத்துக்குக் குனிந்துதான் பார்க்கிறோம். அப்போது நம் முகத்துக்கும் அதன் முகத்துக்கும் இடையில் எத்தனை அங்குலம் இருக்கப்போகிறது?

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை ஆட்டப்பலகைக்கான கட்டடமாகச் செய்தேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட நிலையம் என்பதால் அந்த முகப்புத் தூண்களில் எனக்குத் தனிப் பிரியம். சுவருக்குத் தெர்மாகோல், தூண்களுக்குப் பிவிசி குழாய், தூண்தலை வேலைப்பாட்டுக்கு எம்-சீல். அக்கம்பக்கத்தார் எல்லோரும் மேலிருந்து பார்த்து "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாடிவீட்டு மாமா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, பலகை விளிம்பில் தாடையை வைத்து, தூண்களுக்கு நடுவே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முற்றத்தில் நான் நிறுத்தியிருந்த காவலாளியை இரண்டு விரலால் எடுத்துத் தூணின் நிழலுக்குள் வைத்தார். "வெயில்ல எவன் நிப்பான்?" என்றார்.

அவருக்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் அவனுக்கு மறைப்பும் கிடைத்தது, வாசல் முழுவதும் அவன் குறிக்குள்ளும் வந்தது. அன்று முதல் தூண், திண்ணை, கூரைத் தாழ்வாரம் எதை வைத்தாலும் பலகைக்குக் கண்ணை இறக்கிப் பார்த்த பிறகுதான் ஒட்டுகிறேன். தெர்மாகோலை எடுத்துக்கொள்வோருக்கு ஒரு வார்த்தை: ஸ்ப்ரே வண்ணத்தை நேரடியாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துக் குழிகுழியாக்கிவிடும். ஃபெவிகாலில் அக்ரிலிக் கலந்து ஒரு பூச்சு கொடுத்து, இண்டு இடுக்கு விடாமல் மூடி, நன்றாக உலர விடுங்கள். காசிமேட்டுக் கடற்கரை மணலை அப்படியே தூவாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள்.

எண்ணூரிலிருந்து:

உங்கள் கண் விவாதத்தில் நான் நுழையவில்லை. எங்கள் பக்கத்துச் சிக்கல் அதற்கும் முந்தையது. வெள்ளைப் பிரைமர் அடித்து மாடியில் வைத்த குதிரைவீரனின் மேலங்கி முழுவதும் ஒருநாள் சாம்பல்நிறப் பொடிப்பொடியாக இருந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் எங்களுக்குப் புதிதல்ல; ஈரப் பிரைமரில் அது ஒவ்வொரு துகளாக ஒட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் நாங்கள் எதைச் சுவாசிக்கிறோம் என்று உறைத்தது. அடுத்த மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த அக்கா வந்து பார்த்து, "பத்து மணிக்கு மேல வை, கடல் காத்து ஏறுறதுக்குள்ள எடுத்துடு, மேல எதையாவது கவுத்து மூடு" என்றார். வடாமுக்கு அவர் பார்த்த கணக்கு பிரைமருக்கும் சரியாக இருந்தது. இப்போது அடித்த உடனே, கீழே காற்று போக இடம்விட்டு, அலுமினியத் தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்து மூடுகிறேன்.

பளபளப்பில்லாத வார்னிஷுக்கும் அதே நேரம்தான் ஏற்றது. விடியற்காலை ஈரக்காற்றில் அடித்தால் வெண்படலம் பூத்துவிடும். அப்படிப் பூத்துவிட்டால் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒரு கை பூசிப் பாருங்கள். பல நேரங்களில் அடியிலுள்ள வண்ணம் மீண்டும் தெளிந்து வரும்.