உடம்பும் சர்டிபிகேட்டும் இருந்தும் பிடி (பர்சனல் டிரெய்னிங்) கிளையன்ட் ஏன் நிக்க மாட்டேங்கிறாங்க?

கர்லாக்கட்டை_24

வணக்கம். கோயம்புத்தூர்ல ஒரு ஜிம்ல ஃப்ளோர் டிரெய்னரா இருக்கேன், மூணு மாசமா பிடியும் எடுக்கறேன். ஸ்குவாட், டெட்லிஃப்ட் ஃபார்ம் எல்லாம் சுத்தமா சொல்லித்தர வரும். ஆனா சேர்றவங்க ரெண்டாவது மாசம் ரின்யூ பண்றதில்லை. கேட்டா "உனக்கு மைண்ட்செட் பத்தாது"ங்கறாங்க. அப்படின்னா என்னன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. மோட்டிவேஷன் வீடியோ அனுப்பாதீங்க, பாத்தாச்சு. இந்தத் தொழிலுக்கு எப்படி யோசிக்கணும், நாளைக்குக் காலையில எதை மாத்தணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இரும்புத்தட்டு

தம்பி, முதல்ல ஒரு கணக்கு போடுங்க. பிடிக்கு ஆள் வர்ற நேரம் காலையில அஞ்சரையிலிருந்து ஒன்பதரை, சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஒன்பதரை. ஆக நாளைக்கு 8 மணி நேரம். திங்கள்-புதன்-வெள்ளி ஒரு கூட்டம், செவ்வாய்-வியாழன்-சனி ஒரு கூட்டம்னு வெச்சா மொத்தமே 16 இடம்தான். பதினாறும் நிரம்பினா நீங்க படுத்துடுவீங்க, 12 பேர் தாங்கும். அந்த 12 பேரும் மூணு மாசத்துல கழண்டுக்கிட்டா மாசாமாசம் 4 புது ஆள் பிடிக்கணும். ஒரு வருஷம் நின்னாங்கன்னா மாசத்துக்கு ஒருத்தர் போதும். அதனால செஷன் முடியறப்போ "நல்லா வேர்த்துச்சா"ன்னு பாக்காதீங்க. இவர் புதன்கிழமை வருவாரா மாட்டாரான்னு பாருங்க.

முக்கால்வாசி பேர் முதல் நாள்லயே கெடுக்கறாங்க. பத்து வருஷமா நாற்காலியில உக்காந்திருந்த ஆளுக்கு 4 செட் ஸ்குவாட், 3 செட் லஞ்சஸ், கடைசியில பர்ப்பீ. அன்னைக்கு அவருக்குப் பெருமையாத்தான் இருக்கும். தசை வலி உச்சத்துக்கு வர்றது 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள. ரெண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாது, இந்தியன் டாய்லெட்ல உக்கார முடியாது. புதன்கிழமை "ஆபீஸ்ல வேலை"ன்னு மெசேஜ் வரும்.

முதல் நாளுக்கு இவ்வளவு போதும்: பெஞ்சுல உக்காந்து எந்திரிக்கறது 8 தடவை, சுவத்துலயோ உயரமான பாரிலயோ சாஞ்சு புஷ்-அப் 8, அஞ்சு கிலோ டம்பெல்ல ஒரு கை ரோ (குனிஞ்சு டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கறது) பக்கத்துக்கு 10, முட்டி ஊன்றின பிளாங்க் 15 விநாடி. இதையே 2 சுத்து. பத்துக்கு எவ்வளவு கஷ்டம்னு கேட்டா "அஞ்சு, ஆறு"ன்னு சொல்லணும். "அவ்ளோதானா சார்?"னு கேப்பாரு. கேக்கட்டும். அந்தக் கேள்வியோட வீட்டுக்குப் போறவர் திரும்பி வருவாரு.

இன்னொண்ணு, கசப்பா இருக்கும். உங்க சிக்ஸ்-பேக்கைப் பாத்து உள்ள வர்றாங்க, வாஸ்தவம்தான். நாப்பத்தஞ்சு வயசு அக்கா ரெண்டாவது வாரத்துக்கு மேல அதைப் பாக்க மாட்டாங்க. அவங்க செட் போடறப்போ நீங்க கண்ணாடியில உங்களைப் பாக்கறீங்களா, கையில போன் இருக்கா, இதைத்தான் பாப்பாங்க. ஒரு செட்டுக்கு ஒரே திருத்தம். "முட்டி வெளிய, நெஞ்சு மேல, மூச்சு விடு, முதுகு நேரா"ன்னு நாலையும் சேர்த்துக் கத்தினா ஒண்ணும் ஏறாது.

மல்லி_பார்பெல்

மேல அண்ணா சொன்னது சரி. ஆனா முதல் செஷனுக்கு முன்னாடியே ஒரு அரை மணி நேரம் உக்காந்து பேசணும், பாதிப் பேர் அதைச் செய்யறதே இல்லை. எத்தனை மணிக்குத் தூங்கறாங்க, நைட் ஷிஃப்டா, வீட்டுல யார் சமைக்கறாங்க, என்ன மாத்திரை, இதுக்கு முன்னாடி எந்த ஜிம்முல சேர்ந்து ஏன் விட்டாங்க. கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்தான் உங்ககிட்டயும் விட்டுப் போகப்போற காரணம். "டயட் சார்ட் ஃபாலோ பண்ண முடியல"ன்னு சொன்னவங்களுக்கு இன்னொரு சார்ட் குடுத்தா என்ன ஆகும்?

வாரத்துக்கு 168 மணி நேரம். அதுல உங்ககிட்ட இருக்கறது 3. மிச்ச 165ல நடக்கறதுக்குக் கோவப்பட ஆரம்பிச்சா இந்தத் தொழில் உங்களுக்கு ஆகாது. சோத்தை நிறுத்துன்னு சொன்னா நாலு நாள் கேப்பாங்க, அஞ்சாவது நாள் சாப்பிட்டுட்டுப் பொய் சொல்லுவாங்க. உங்ககிட்ட பொய் சொல்ல வேண்டி வந்துட்டாலே பாதி போன மாதிரி. எடுக்கறதை விடச் சேக்கறது சுலபம். நாலு இட்லியில புரதம் 8 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், அதோட ரெண்டு முட்டை வெச்சா இன்னொரு 12. சைவம்னா ஒரு கப் கொண்டக்கடலை சுண்டல்ல 14 கிராம், 30 கிராம் மீல்மேக்கர்ல 15. பளு தூக்கறவங்களுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் புரதம்னு சொல்லுவோம், ஆனா இப்போ 40 கிராம் சாப்பிடறவங்களை ஒரே வாரத்துல 100க்கு இழுக்காதீங்க. முதல் மாசம் காலை டிபனை மட்டும் சரி பண்ணுங்க.

அப்புறம் எடை மெஷின். உப்பு, தண்ணி, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தின வாரம், இதுக்கே ஒரு கிலோ ரெண்டு கிலோ ஏறி இறங்கும். ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட்டுட்டுத் திங்கட்கிழமை ஏறி நின்னு அழறவங்ககிட்ட இதை அப்போ விளக்கினா சால்ஜாப்பு மாதிரி இருக்கும். முதல் நாளே சொல்லிடுங்க. தொப்புள் மட்டத்துல இடுப்பளவு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, தூக்கற டம்பெல் போன மாசம் 5 கிலோ இப்போ 10 கிலோ, மூணு மாடி ஏறினா மூச்சு வாங்குதா. இதெல்லாம் நோட்டுல இருக்கணும்.

பண்டிகை, விரதம் வந்தா "எல்லாம் போச்சு"ன்னு முகத்தைத் தூக்காதீங்க. மாலை போட்டவருக்கு 41 நாள் அசைவம் கிடையாது, பல பேர் ஒரு வேளைதான் சாப்பிடுவாங்க. அதுக்குத் தகுந்தபடி செட்டைப் பாதியாக்குங்க, தூக்கற எடையை மட்டும் குறைக்காதீங்க. ரம்ஜான் நோன்புன்னா இஃப்தாருக்கு அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு ஸ்லாட் குடுங்க. அந்த மாசத்தை ஓட்டிட்டா அவங்க உங்களை விட மாட்டாங்க.

பொம்பளைங்களுக்குச் சொல்லித்தர்றப்போ தொட்டுத் திருத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேக்கணும். ஒரு குச்சியை முதுகுல வெச்சுக் காட்டினாலே பாதி விஷயம் புரிஞ்சுடும், கையே வேண்டாம்.

கர்லாக்கட்டை_24

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. முதல் நாள் விஷயம் என்னைப் பாத்துச் சொன்ன மாதிரியே இருக்கு. ஒரு சந்தேகம். சுகர், பிபி, முழங்கால் வலின்னு வர்றவங்களை எடுக்கலாமா? "எனக்குத் தெரியாது, டாக்டரைப் பாருங்க"ன்னு சொன்னா மதிப்பு குறையாதா?

மூட்டுவலி_முத்து

பிசியோதெரபி பக்கத்திலிருந்து பதில். மதிப்பு குறையாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்து ஒருவருக்கு அடிபட்டால்தான் குறையும், அந்தச் செய்தி ஏரியா முழுக்கப் போய்விடும்.

சுகர் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது மருந்தின் பெயர். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயிற்சியில் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் என்றால் தொடங்கும் முன் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் போல ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். நடுவில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் அதைச் சோர்வு என்று நினைத்து "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று ஏற்றிவிடாதீர்கள். நிறுத்தி, விழுங்கும் நிலையில் இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 250-க்கு மேல் இருந்து உடம்பும் முடியவில்லை என்றால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிபிக்கு மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறாது. வாட்சில் 110 காட்டுகிறதே என்று வேகத்தைக் கூட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், அது போதும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்க விடாதீர்கள். ஓய்வில் இருக்கும்போதே 180/110 தாண்டியிருந்தால் அன்றைக்கு ஜிம் இல்லை.

முழங்கால்: பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று வரை இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். உயரமான பெட்டியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி உயரத்தை மெல்லக் குறைக்கலாம். வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது, இரவில் வலியால் விழிப்பு, இவை இருந்தால் அனுப்பிவையுங்கள்.

இரும்புத்தட்டு சொன்ன முதல் நாள் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அளவு மீறிய பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தொடும் அறிகுறி. உடனே மருத்துவமனை. எலுமிச்சை ஜூஸ் குடித்துச் சரியாகிற விஷயம் இல்லை.

நெஞ்சடைப்புக்கு 108-ஐக் கூப்பிடுவதோடு, நினைவிழந்து மூச்சும் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியான சிபிஆரும் கையில் வர வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். சர்டிபிகேட்டோடு கற்றதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

நாலரைமணி_அலாரம்

எல்லாரும் கிளையன்ட் பக்கமே பேசறீங்க. டிரெய்னர் பக்கமும் கொஞ்சம். மாசம் 12 செஷனுக்கு 6,000 ரூபாய்னு வைங்க. ஜிம் பாதி எடுத்தா ஒரு செஷனுக்கு 250. சொல்லாம வராத ஒவ்வொரு செஷனும் அந்த 250ஐ முழுங்கும், ஏன்னா அந்த ஆறரை மணி ஸ்லாட்டை வேற யாருக்கும் குடுக்க முடியாது. அதனால முந்தின நாள் ராத்திரி 9 மணிக்குள்ள சொன்னா மாத்தித் தரலாம், அதுக்கு மேல சொன்னா செஷன் கழியும்னு சேர்றப்பவே எழுதிக் குடுத்துடணும். மூணாவது மாசம் புதுசா சொன்னா சண்டைதான்.

வாட்ஸ்அப் ராத்திரி 9:30க்கு மேல கிடையாது. காலை நாலரைக்கு எந்திரிச்சு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் டயட் போட்டோவுக்குப் பதில் போட்டா ஆறே மாசத்துல எரிச்சல்காரன் ஆயிடுவீங்க, அது நேரா கிளையன்ட் மேல இறங்கும். பகல்ல 11லிருந்து 4க்குள்ள ஒன்றரை மணி நேரம் தூங்குங்க, கூச்சப்படாதீங்க.

அப்புறம், வருமானம் பத்தலைன்னு சப்ளிமென்ட் டப்பா விக்கற ஆசை வரும். கிரியேட்டின் நாளைக்கு 3லிருந்து 5 கிராம், கேட்டா சொல்லுங்க, அது வேற. ஸ்டெராய்டு ஊசி பக்கம் மட்டும் போகாதீங்க. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து, மாட்டினா தொழிலே காலி.

இரும்புத்தட்டு

நாலரைமணி சொன்ன கேன்சல் ரூல்ல எனக்கு ஒரு மாத்துக்கருத்து. மாசத்துக்கு ஒரு தடவை கேள்வி கேக்காம மன்னிக்கணும். குழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்ன அம்மாகிட்ட 250 ரூபாய்க்கு நின்னா அடுத்த 6,000 போயிடும்.

தம்பிக்கு ரின்யூவல் பத்தி. அதைப் பன்னிரண்டாவது செஷன்ல, ஷூ கழட்டறப்போ கேக்காதீங்க. ஒன்பதாவதுல நோட்டைத் திறந்து காட்டுங்க: "முதல் நாள் பெஞ்சுல கை ஊன்றித்தான் எந்திரிச்சீங்க, இன்னைக்கு 8 கிலோ பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறீங்க. அடுத்த மாசம் பெஞ்ச் இல்லாம பண்ணலாம்." அவ்வளவுதான், காசுப் பேச்சே வேண்டாம். ரெண்டு செஷன் விட்டவருக்கு "ஏன் வரலை"ன்னு மெசேஜ் போடாதீங்க. "வியாழன் ஆறரை உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன், அரை மணி நேரம் வந்துட்டுப் போனாப் போதும்"னு போடுங்க. வந்தா நிஜமாவே அரை மணி நேரத்துல அனுப்பிடுங்க.