'பாப்புலர் வோட்': ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

'பாப்புலர் வோட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நடக்கும் இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். இனியும் வாய் திறக்காவிட்டால் 'பாப்புலர் வோட்'டுக்குக் குடவோலை என்றே முடிவு செய்துவிடுவீர்கள் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு கல்லூரியில் விவாத மேடை. 'அமெரிக்க அதிபரை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்பது தலைப்பு, குறிப்பு எழுதித் தரும் வேலை என் தலையில். தலைப்பைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "இப்ப மட்டும் யார் சார் ஓட்டு போடுறாங்க? மக்கள்தானே?" பதில் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரம் விளக்கினால்தான் புரியும் என்றால் அந்தச் சொல்லில் ஏதோ கோளாறு இருக்கிறது.

அவள் கேட்டது நியாயம்தான். அமெரிக்காவிலும் மக்கள்தான் வாக்களிக்கிறார்கள், ஆனால் அந்த வாக்கு மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. அதிபரைத் தேர்ந்தெடுப்பது 'எலக்டோரல் காலேஜ்' என்ற குழு; ஒரு மாநிலத்தில் முந்தியவர் அதில் அந்த மாநிலத்துக்குரிய இடங்களை மொத்தமாக வாரிக்கொண்டு போவார் (மெய்ன், நெப்ராஸ்கா இரண்டும் மட்டும் விலக்கு). மொத்தம் 538 இடம், 270 கிடைத்தால் பதவி. அதனால்தான் 2000ல் அல் கோர், நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால் 5 லட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கியும், புளோரிடாவில் 537 வாக்கில் சறுக்கித் தோற்றார். 2016ல் ஹிலாரி கிளிண்டனுக்கு 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல், பதவி டிரம்புக்கு. 2024ல் அவரே இரண்டு கணக்கிலும் முந்திவிட்டதால் சண்டை கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. நாடு முழுக்க விழுந்த வாக்கின் கூட்டுத்தொகை ஒன்று. அந்தத் தொகையை வைத்தே ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்னொன்று. அவர்கள் ஒரே சொல்லில் சமாளித்துக்கொள்கிறார்கள் என்பதற்காக நாமும் அதே மூட்டையை அவிழ்க்காமல் தூக்கிச் சுமக்க வேண்டுமா?

> முறையைக் குறிக்க 'மக்கள் வாக்கெடுப்பு' போதுமே.

போதாது ஐயா. பிரான்சில் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா என்று 1962ல் முடிவு செய்ததே ஒரு மக்கள் வாக்கெடுப்பில்தான். உங்கள் சொல்லை வைத்து அந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: 'மக்கள் வாக்கெடுப்பு முறை வேண்டுமா என்று மக்கள் வாக்கெடுப்பு நடந்தது.' (புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழர்கள் இன்றும் உள்ளூரிலேயே வரிசையில் நின்று பிரெஞ்சு அதிபருக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அவர்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று புதுவை நண்பர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்களேன்.)

> குடவோலை நம் மண்ணின் சொல். ஏன் தயக்கம்?

உத்திரமேரூருக்குப் பேருந்து ஏறிப் போய் அந்தக் கல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தவன் நான், எனக்கும் பெருமைதான். ஆனால் குடவோலையில் யாரும் வாக்கை எண்ணவில்லை. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி குடத்துக்குள் பெயர் போகவே கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவில் இருக்க வேண்டும். வயதுவந்தோர் எல்லோரும் வாக்களிக்கும் ஒன்றுக்கு இந்தப் பெயரா?

சரி, என் யோசனை. சென்னைக்காரர்களுக்கு இது புதுச் சங்கதியே இல்லை. 1996ல் மேயரை நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம், ஸ்டாலின் வந்தார். 2001லும் அப்படியே. 2006ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், 2011ல் மறுபடி நம்மிடம் வந்தது, 2022ல் திரும்பவும் கவுன்சிலர்கள் கைக்குப் போனது. இந்தப் போக்குவரத்து நடந்தபோதெல்லாம் தினத்தாளிலும் டீக்கடையிலும் புழங்கிய சொற்கள் இரண்டே: நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல். யாரும் அகராதி பார்க்கவில்லை. முறைக்கு 'நேரடித் தேர்தல்', தொகைக்கு 'மக்கள் வாக்கு' என்று வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. மாநிலக் கணக்கோடு குழம்பும் இடத்தில் மட்டும் 'நாடளாவிய மக்கள் வாக்கு' என்று நீட்டிக்கொள்ளலாம்.

எனக்கு உறுத்துவது 'மறைமுகம்' ஒன்றுதான். மேயர் தேர்தல் செய்தியைப் படித்துவிட்டு என் அம்மா, "ஏன், மூஞ்சிய மூடிக்கிட்டா ஓட்டுப் போடுவாங்க?" என்றார். மறைமுக வரி, மறைமுக எதிர்ப்பு என்று எல்லா இடத்திலும் ஒரு கள்ளத்தனம் ஒட்டிக்கொண்டு வருகிறது. நடுவில் ஆள் இருக்கிறார் என்பதுதான் விஷயம், ஒளிவு மறைவு கிடையாது. ஆனால் 'இடைநிலைத் தேர்தல்' என்றால் இடைத்தேர்தலோடு குழம்பும். மாற்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக எலக்டோரல் காலேஜ். 'தேர்தல் கல்லூரி' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன், எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைத்திருக்கிறார்களோ. வாக்காளர் குழு என்றால் நாம் எல்லோருமே வாக்காளர்தான், வேறுபாடு போய்விடும். தேர்வுக்குழு என்றதும் கிரிக்கெட் அணி நினைவுக்கு வரும். 'தேர்வர்' நல்ல சொல், ஆனால் அதை டி.என்.பி.எஸ்.சி. எடுத்துக்கொண்டுவிட்டது, 'தேர்வர்கள் காலை 9 மணிக்குள் வர வேண்டும்' என்றுதான் காதில் விழும். மன்றம், அவை, பேராயம் என்றவர்களுக்கு ஒரே பதில்: இந்த 538 பேர் ஓரிடத்தில் கூடுவதே இல்லை. அவரவர் மாநிலத்தில் கூடி வாக்கெழுதி அனுப்பிவிடுகிறார்கள். கூடாதவர்களுக்கு அவை எதற்கு? 'தெரிவாளர் குழாம்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். அடியார் குழாம், அறிஞர் குழாம் என்கிறோமே, அவர்களும் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை.

– வில்லிவாக்கத்திலிருந்து

*

தம்பி, குடவோலை என்று சொன்னவன் நான்தான். விட்டுவிடுகிறேன். கூடாத கூட்டத்துக்குக் குழாம் என்பதும் பொருந்துகிறது. ஆனால் நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலை ஏன் கண்டுகொள்ளவே இல்லை? அங்கேயும் இதே ஆங்கிலச் சொல்தானே?

அமெரிக்கத் தெரிவாளருக்கு அந்த ஒரு வேலை மட்டும்தான். நம் எம்.எல்.ஏ. ரோடு போடவும் குடிநீர் கேட்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நடுவில் ஒருநாள் கோட்டைக்குப் போய் இதற்கும் வாக்களிக்கிறார். 1971 மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் போட்டு நம் எம்.எல்.ஏ. வாக்குக்கு 176 மதிப்பு, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. இவரைத் தெரிவாளர் என்றால் எனக்கு ஒட்டவில்லை.

இன்னொன்று. உங்கள் விவாதத் தலைப்பில் 'அதிபர்' என்பதை எடுத்துவிட்டு 'குடியரசுத் தலைவர்' என்று போட்டால் கேள்வியே மாறிவிடும். அரசியல் நிர்ணய சபையில் கே.டி.ஷா நேரடித் தேர்தல்தான் கேட்டார். நேரு ஒப்பவில்லை. மெய்யான அதிகாரம் கொடுக்காத ஒருவரை நாடே திரண்டு ஓட்டுப் போட்டு உட்காரவைப்பது பொருந்தாது என்பது அவர் வாதம். அது சரி என்றே எனக்குப் படுகிறது. அயர்லாந்தில் அதிகாரம் அதிகமில்லாதவரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்ல வருவீர்கள், தெரியும். அங்கே போட்டியே இல்லாமல் ஆள் வந்த வருடங்களும் உண்டு.

– மயிலாப்பூரிலிருந்து

*

வணக்கம். நான் வளசரவாக்கத்தில் இருந்தாலும் யாழ்ப்பாணத்து ஆள், ஆகவே ஒரு சின்னத் திருத்தம். எங்கட நாட்டில் 1982இல் இருந்து ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள். ஆனால் கூடுதல் வாக்கு எடுத்தவர் வென்றார் என்று இல்லை, பாதிக்கு மேல் வேண்டும். 2024இல் அநுர குமார திசாநாயக்க 42 வீதத்தோடு நின்றுவிட்டார், முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கை (முதல் விருப்பத்துக்கு அடுத்தபடியாக வாக்காளர் குறிப்பதை) எண்ணித்தான் முடிவு வந்தது. வில்லிவாக்கம் அண்ணா 'தொகையை வைத்தே தேர்ந்தெடுக்கும் முறை' என்று எழுதியது எங்களுக்குப் பொருந்தாது. 'விருப்பு வாக்கு' என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கோ, எங்களிடம் நன்றாகப் புழங்கிய சொல்.

பிறகு, தெரிவுக்குழு (செலக்ட் கமிட்டி) என்று பாராளுமன்றத்தில் எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தெரிவாளர் குழாம் என்றால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன், சொல்லி வைக்கிறேன்.

*

இரண்டு பேருக்கும் நன்றி.

விருப்பு வாக்கை உடனே எடுத்துக்கொண்டேன். 1969ல் வி.வி.கிரி ஜெயித்ததும் இரண்டாவது விருப்பங்களை எண்ணிய பிறகுதான், அதை இங்கே ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம், யாழ்ப்பாணத்துச் சொல் நறுக்கென்று இருக்கிறது. என் விளக்கத்தையும் மாற்றுகிறேன்: நடுவில் ஆள் இல்லாமல் மக்கள் வாக்கே ஆளைத் தீர்மானித்தால் அது நேரடித் தேர்தல். எத்தனை சதவீதம் வேண்டும் என்பது வேறு கணக்கு.

மயிலாப்பூர் ஐயா சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். எம்.எல்.ஏ.வைத் தெரிவாளர் என்று கூப்பிட வேண்டாம், உறுப்பினர் என்றே இருக்கட்டும். ஆனால் அவரும் எம்.பி.யும் சேர்ந்த மொத்தத்துக்குக் குழாம் என்பதில் தப்பில்லை, அவர்களும் டெல்லியிலும் அந்தந்த மாநிலத் தலைநகரிலும் பிரிந்து நின்றுதான் வாக்களிக்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே பெயர் கிடைக்காவிட்டால் போகட்டும். அங்கே தெரிவாளர் குழாம், இங்கே வாக்குரிமைக் குழாம்.

விவாதத் தலைப்பை 'அமெரிக்க அதிபரை நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்று மாற்றிவிட்டேன். அந்த மாணவியிடம் படித்துக் காட்டினேன், இந்த முறை கேள்வி வரவில்லை. குறிப்பு திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மறைமுக'த்துக்கு யாரிடமாவது நல்ல மாற்று இருந்தால் ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள்.

– வில்லிவாக்கத்திலிருந்து