மறு: இரகசியம் தங்காத வாய்க்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள அக்கா,

தோட்ட டிஸ்பென்சரி ஊழியர் கையேட்டில் 'ப்ளாபர்மவுத்' வரும் இடத்துக்கு 'அறைபறையர்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்' என்ற 1076ஆம் குறள்தான் மூலம். கேட்ட இரகசியத்தைப் பிறருக்குக் கொண்டுபோய்ச் சொல்லும் கயவர் அடிக்கப்படும் பறை போன்றவர் என்ற பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இந்தச் சொல் மலையகத்தில் கூடவே கூடாது. பறை என்ற சொல்லை ஒருவரின் குறைக்குப் பெயராக்கினால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காதில் விழுவது சாதிப்பெயர்தான். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இரகசியத்தை வெளியே விடுவதைச் சொல்லும் 'ஸ்பில் த பீன்ஸ்' (பயறைக் கொட்டுதல்), 'லெட் த கேட் அவுட் ஒஃப் த பேக்' (பையிலிருந்து பூனையை வெளியே விடுதல்) இரண்டுக்கும் பயறும் வேண்டாம், பூனையும் வேண்டாம். 'உளறிவிட்டார்', 'போட்டு உடைத்துவிட்டார்' போதும். 'லூஸ் லிப்ஸ் சிங்க் ஷிப்ஸ்' (அடக்கமில்லாத வாய் கப்பலை மூழ்கடிக்கும்) இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சுவரொட்டிகளில் வந்த எச்சரிக்கை. அதை எச்சரிக்கையாகவே, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் பிள்ளை பராமரிக்கும் இடத்துக்கும் பொருத்தி வைப்போம்: 'நோயாளியின் பெயரைக் கொழுந்து மடுவத்தில் எடுக்காதே, பிள்ளைக் காம்பராவிலும் எடுக்காதே.'

சிக்கல் 'லீக்' என்ற சொல்லில்தான். ஆங்கிலத்தில் தானாகக் கசிந்தாலும் ஒருவர் வேண்டுமென்று கசியவிட்டாலும் அதே வினை. நமக்கோ தன்வினையும் பிறவினையும் தனித்தனியே இருக்கின்றன. ஆகவே தவறுதலாக வாய்வழி போனால் 'வாய்க்கசிவு'. தெரிந்தே செய்தால் 'கசியவிடல்'. பதிவேட்டை மேசையில் விரித்து வைத்ததால் போனது இரண்டிலும் சேராது, அது 'பதிவேட்டுக் கசிவு'. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு, பெயரையும் நோயையும் சேர்த்துக் கூப்பிடாமல் துண்டு இலக்கத்தால் கூப்பிட வேண்டும். இரண்டாவதற்கு விசாரணை. மூன்றாவதற்கு பூட்டும் அலுமாரி.

ஆளுக்குப் பெயரே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 'உளறுவாய்', 'ஓட்டைவாய்' பேச்சில் இருக்கட்டும். படிவத்தில் ஏறினால் அது பட்டப்பெயராகி, அடுத்த முறை நடந்ததை யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

உள்ளே நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்லும் 'விசில்புளோவர்' இந்தக் கூட்டத்திலேயே சேராது. 'காட்டிக்கொடுப்பவர்' என்று எழுதிவிடாதீர்கள். யுத்தகாலத்தில் அந்தப் பெயர் ஒருவர்மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. 'இடித்துரைப்பாளர்' அழகானது, ஆனால் இடித்துரைப்பது தவறு செய்தவரின் முகத்துக்கு நேரே. இவரோ வெளியே போய் முறையிடுகிறார். 'முறைகேடு வெளிப்படுத்துநர்' நீளம்தான், பொருள் தவறாது.

ஹட்டனிலிருந்து

---

தம்பி,

பறை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, எடுத்துவிட்டேன். கசிவு, கசியவிடல் பிரிப்பும் ஏற்பு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிவகையாக வைத்திருப்பதால், எப்படிப் போனது என்று பிரித்து எழுதத்தான் வேண்டும்.

ஆனால் 'வாய்க்கசிவு' டிஸ்பென்சரியில் நிற்காது. இரத்தக்கசிவு, நீர்க்கசிவு என்று நாள் முழுக்க எழுதுகிற கை அது. சம்பவப் பதிவேட்டில் 'வாய்க்கசிவு 1' என்று கண்டால் மருத்துவ உதவியாளர் பல் ஈறைத்தான் பார்ப்பார். 'பேச்சுக்கசிவு' என்று மாற்றுங்கள். வேற்றுமை ஏற்றிப் பார்த்தேன்: பேச்சுக்கசிவை, பேச்சுக்கசிவால், பேச்சுக்கசிவுகள். எங்கும் இடறவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் வாசித்தாலும் விளங்கும்.

படிவத்தின் வரி இப்படி இருக்கட்டும்: 'தகவல் வெளியேறிய வழி: பேச்சுக்கசிவு / கசியவிடல் / பதிவேட்டுக் கசிவு. இடம். யார் காதில் விழுந்தது.' சொன்னவரின் பெயருக்குக் கட்டம் வேண்டாம். கசியவிடல் என்றால் மட்டும் விசாரணைத் தாளில் தனியாக எழுதலாம்.

பதுளையிலிருந்து