தோட்டத்துப் பூப்படங்களை வைத்துப் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

தெஹிவளை அம்மா:
மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. முற்றத்தில் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும், மதிலோரம் மஞ்சள் அலரியும் நிற்கின்றன. காலையில் என் போனை வாங்கி இரண்டு பேரும் போட்டி போட்டுப் படம் எடுப்பார்கள். செவ்வரத்தை அன்றைக்கே சுருங்கிவிடும், படம்தான் மிச்சம். அதைப் பார்த்து வரையச் சொன்னால் மகன் "அது மாதிரி வரேல்ல" என்று தாளைக் கிழிக்கிறான், சின்னவள் ஒரு சிவப்பு வட்டம் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுகிறாள். கலர் பிரிண்ட் எடுத்துக் கட்டுப்படியாகாது. இரண்டு பேரும் சேர்ந்து செய்ய ஏதும் இருக்கிறதா?

சித்திர ரீச்சர்:
முழுப் பூவையும் வரையச் சொல்லாதீர்கள். படத்தை நன்றாகப் பெருப்பித்து ஒரு மூலையை மட்டும் காட்டுங்கள். செவ்வரத்தையின் நடுத்தண்டைக் கிட்டப் பார்த்தால் சுற்றிவர மஞ்சள் மகரந்தம், நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். தாள் நிறைய அந்த நுனி மட்டும் வந்தால் அது என்ன பூ என்றே பிடிபடாது, அப்போது மகன் எதோடு ஒப்பிடுவான்? சின்னவளுக்கு நித்தியகல்யாணியைக் கறுப்பு வெள்ளையில், மங்கலாக பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், மேலே பஸ்டல் பூசட்டும். ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒரே பக்கம் சரிந்திருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். இதழுக்குப் பச்சை பூசினாலும் தயவுசெய்து திருத்த வேண்டாம்.

கொட்டாஞ்சேனை அப்பா:
தங்கச்சி, ஒன்று முதலில். மஞ்சள் அலரி முழுக்க நஞ்சு, விதை மிகவும் மோசம். இதழ் ஒட்டும் வேலைக்கு அதைப் பிடுங்க விடாதீர்கள், அதைப் படத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் படமும் செய்து பாருங்கள். மஞ்சள் தூளை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்து, தெளிந்ததைத் தடித்த தாளில் பூசி, நிழலில் காயவிட வேண்டும். ஸ்பிரிட் தீப்பற்றும், ஆகவே அந்த வேலை உங்களுடையது, அடுப்புப் பக்கம் வேண்டாம். பூப்படத்தின் கறுப்பு வெள்ளை பிரிண்டில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் வெளிச்சம் ஊடுருவும். அதை மஞ்சள் தாளின் மேல் வைத்துக் கண்ணாடியால் அமத்தி, நல்ல வெயிலில் சில மணித்தியாலம் விடுங்கள். வெயில் பட்ட இடம் வெளுக்கும், கறுப்பு மறைத்த இடத்தில் மஞ்சள் நிற்கும். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரைத் தடவினால் அந்த மஞ்சள் செம்மண் நிறமாக மாறும். ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கும்போது சிவக்கிறதே, அதே விஷயம்தான். பூச்சாற்றில் இப்படி வெயில் படம் எடுப்பதை ஜோன் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1842இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

தெஹிவளை அம்மா:
மகனுக்கு இதைத்தான் செய்ய வேண்டுமாம்! எண்ணெய் மஞ்சள் தாளில் ஊறாதா? முடிந்ததைச் சுவரில் மாட்டலாமா?

கொட்டாஞ்சேனை அப்பா:
எண்ணெயை நன்றாக ஒற்றி எடுங்கள், நடுவில் ஒரு மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக் உறை வைத்தால் இன்னும் நல்லது. சுவரில் வேண்டாம், வெளிச்சத்தில் மங்கிவிடும். கொப்பிக்குள் வையுங்கள், அதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சித்திர ரீச்சர்:
சின்னவளுக்கு அப்பச்சோடாத் தண்ணீரும் ஒரு பிரஷும் கொடுங்கள். நிறம் மாறுவதைப் பார்த்தால் எழும்பிப் போகமாட்டாள்.