புதுப்பிப்பு: லேப்டாப் ஈத்தர்நெட் 100 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டாத சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ரவுட்டர், லேப்டாப் இரண்டிலும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட். ஆனாலும் சுவர் சாக்கெட் வழியாக ஈத்தர்நெட் கேபிளால் இணைத்தால் லிங்க் ஸ்பீடு (இரு கருவிகளும் பேசிக்கொள்ளும் வேகம்) 100-லேயே நிற்கிறது. நடுநடுவே இணைப்பும் அறுந்துபோகிறது.

டிரைவரை மாற்றியும் ஐபி முகவரியைப் புதுப்பித்தும் பலனில்லை. (ஐபிக்கும் லிங்க் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது.) கைகொடுத்தது, "சுவரை விட்டுவிட்டு ரவுட்டரில் நேராகச் சொருகிப் பாருங்கள்" என்ற யோசனைதான். அதே பேட்ச் கேபிளில் (இரு முனையிலும் பிளக் உள்ள கேபிள்) உடனே 1000 காட்டியது. ஆக, கோளாறு சுவருக்குள் போகும் வயரில்.

சாக்கெட்டைக் கழற்றினால், 8-ஆம் இடத்தில் பழுப்பு வயர் பாதிதான் இறங்கியிருந்தது. சாக்கெட்டின் உலோகத் தகடு வயரின் உறையைக் கிழித்துச் செம்பைத் தொடவே இல்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு வயர் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பல நெட்வொர்க் சிப்கள் எச்சரிக்கை எதுவும் காட்டாமல் 100-க்கு இறங்கிவிடும். நுனியை வெட்டி, பஞ்ச் டவுன் கருவியால் (வயரைத் தகட்டுக்குள் இறக்கும் கருவி) மறுபடி அழுத்தியதும் 1000 வந்துவிட்டது. இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் வயர் ஜோடிகளின் முறுக்கை முனையில் 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள்.

எதிர்பாராதது: வேகம் சரியான பிறகும் இணைப்பு அறுந்தது. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட்'டை (மின்சாரம் சேமிக்கும் வசதி) அணைத்தபின் நின்றது. டிரைவர் அப்டேட் ஆனால் இது திரும்ப ஆன் ஆகலாம், பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே இருக்கும் 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' (இணைப்பின் வேகத்தையும் இருவழிப் போக்கையும் முடிவுசெய்யும் அமைப்பு) மட்டும் ஆட்டோவிலேயே இருக்கட்டும்.