தரங்கம்பாடி போனவங்க வாங்க, ஒரு விஷயம் மண்டைய கொடையுது

சும்மா_சுத்துறவன்:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு விட்டது. போனவங்க உங்க அனுபவத்தையும் கீழ எழுதுங்க. கோட்டை, ஊருக்குள்ள நுழையற பழைய கேட்டு, சர்ச்செல்லாம் போனவங்களுக்குத் தெரியும், அதப் பத்தி நான் எழுதப் போறதில்ல. 2009 டிசம்பர். சென்னைல வேலை கழுத்த நெரிச்ச நேரம், ஆபீஸ்ல ஒருத்தன் தரங்கம்பாடி போடா, ஈ காக்கா இருக்காது, அலைச்சத்தம் மட்டும்தான்னு சொன்னான், நைட்டு பஸ் புடிச்சு விடியக்காலைல எறங்கிட்டேன்.

மாசிலாமணிநாதர் கோயில், அப்ப பாதியக் கடல் தின்னு மிச்சம் நின்னுட்டிருந்துச்சு இல்ல, அதத் தாண்டி வடக்கால நடந்துட்டே போனேன். ஒரு எடத்துல மணலுக்குள்ளருந்து செவப்பு சிமெண்ட் தரை ஒரு துண்டு, பாய் விரிச்ச அளவுக்கு, தெரிஞ்சுது. ஒக்கார நல்லா இருந்துச்சு. பையத் தூக்கி அதுமேல வச்சு ஷூவக் கழட்டிட்டு பிஸ்கட்டப் பிரிச்சேன். பத்தடி தள்ளி ஒரு பெரியவர் வலை பின்னிட்டிருந்தாரு. எந்த ஊரு தம்பின்னாரு. சொன்னேன். இங்க என்ன வேலைன்னாரு. ஒண்ணுமில்லங்கய்யா, அமைதியா இருக்கும்னு சொன்னாங்க, அதான் வந்தேன்னேன்.

ஆமா, அமைதியாத்தான் இருக்கு அப்படின்னாரு. அப்புறம் நூலப் பல்லுல கடிச்சுக்கிட்டே தாடையால என் பையக் காட்டி, அது எங்க அடுப்படி தம்பி, சுனாமிக்கு முன்னாடின்னாரு.

அவ்ளோதான். கோவமெல்லாம் இல்ல. மணி என்னன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. எனக்கு வாய்ல இருந்த பிஸ்கட் எறங்கல.

---

கேட்ச்_விட்டவன்:

அண்ணே உங்க கதைக்கு அப்புறம் என் கதைய எழுத ஒரு மாதிரிதான் இருக்கு, இருந்தாலும் எழுதிடறேன். நாங்க ஆறு பேரு பெங்களூர்லருந்து கார்ல போனோம். போன நாளு வெள்ளிக்கிழமை. கோட்டை மியூசியத்துக்கு அன்னிக்குத்தான் லீவு. அந்த டச்சுக் கோட்டை முன்னாடி பெரிய கிரவுண்டு இருக்குல்ல, என்ன பண்றதுன்னு தெரியாம அங்க நின்னோம், பசங்க கிரிக்கெட் ஆடிட்டிருந்தானுங்க. பன்னெண்டு வயசு இருக்கும் ஒருத்தனுக்கு, அவன்தான் கேப்டன் போல, கிட்ட வந்து, அண்ணா ஆள் கம்மியா இருக்கு, சும்மா நிக்கிறதுக்கு ஃபீல்டிங்காவது நில்லுங்கன்னான். கோட்டைச் செவுத்துல நேராப் பட்டா நாலு, எகிறி உள்ள விழுந்தா அவுட்டு, ஏன்னா வெள்ளிக்கிழமைல பந்த எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. இந்த ரூலு எனக்கு இன்னிக்கும் மறக்கல.

லாஸ்ட் ஓவர்ல ஒரு கேட்ச், கைக்கு வந்து விழுந்தது, கடல் காத்து இழுத்துச்சா நான்தான் கோட்ட விட்டேனான்னு தெரியல, விட்டுட்டேன். மறுநாள் காலைல பக்கத்து ஊரு பொறையார் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டிருக்கேன், பக்கத்துல ஸ்கூல் யூனிபார்ம் போட்ட ஒரு பொடியன், அவன் அம்மாகிட்ட என்னையக் கை காட்டி, ‘ம்மா இவருதாம்மா கேட்ச விட்டவரு’. அந்தம்மா என்னப் பாத்து, பரவால்ல தம்பி விடுங்கங்குது. மானமே போச்சு.

---

ஊர்சுற்றி_மாமா:

முதல்ல ஒரு திருத்தம். அது டச்சுக் கோட்டை இல்ல தம்பி. டச்சுக்காரன்னா நாகப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம். தரங்கம்பாடி டேனிஷ்காரங்களோடது, டென்மார்க். 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு எடம் வாங்கிக் கட்டினது, 1845ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போனாங்க. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறது எல்லாரும் பண்றதுதான், ஆனா போயிட்டு வந்தவரே கொழப்பினா எப்படி.

என் அனுபவம் சின்னதுதான். கேட்டுக்குள்ள நுழைஞ்சு நடக்கும்போது ஒரு ஆடு என் கையில இருந்த ஊர் மேப்பத் தின்னுடுச்சு. மேப் இல்லாமயே முழு ஊரையும் அரை மணி நேரத்துல பாத்துட்டேன்.

புதுசா போறவங்களுக்கு சில விஷயம் சொல்லிடறேன். மாயவரம், அதான் மயிலாடுதுறை, அது வரைக்கும் ரயில்ல வந்து அங்கருந்து பஸ் ஏறுங்க, சிதம்பரம் காரைக்கால் பஸ்லயும் வரலாம், கண்டக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா தூங்கி காரைக்கால்ல எறங்குவீங்க. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தச் சேர்ந்தது, அங்கருந்து பாட்டில் கீட்டில் வாங்கிட்டு வந்தா நண்டலாறு செக்போஸ்ட்ல பையக் கொட்டிப் பாப்பாங்க, மானம் போகும். தண்ணி கையோட கொண்டு போங்க, கடலோரத்துல நெழல் கெடையாது. பத்து மணிக்கு மேல கடற்கரைல நடக்காதீங்க, மணல் சுடும், சாயங்காலம் கொசு. சர்ச்சு பாக்கறவங்க புது எருசலேம் ஆலயத்த விட்டுடாதீங்க, 1718ல கட்டினது, சீகன்பால்கு அங்கதான் அடக்கம். அவரு 1706 ஜூலைல வந்து எறங்கின ஜெர்மன்காரரு, சின்னப் பசங்களோட பசங்களா திண்ணைல ஒக்காந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்சாரு, அப்புறம் அச்சு மெஷின் வரவழைச்சு 1714, 15ல புதிய ஏற்பாட்டத் தமிழ்ல அச்சடிச்சாரு. அவருக்கு இருந்த பொறுமை இப்ப நமக்கு ஒரு ஊரப் பாக்கவே இல்ல. அப்புறம் திருக்கடையூர் பக்கத்துலயே, அறுபதாம் கல்யாணக் கூட்டம் முகூர்த்த நாள்ல அள்ளும், ரூம் அங்கயும் கெடைக்காது, இங்கயும் கெடைக்காது, அதனால பஞ்சாங்கம் பாத்துட்டுப் போங்க. தில்லையாடியும் போயிட்டு வாங்க, வள்ளியம்மை நினைவு மண்டபம், தென்னாப்பிரிக்காவுல காந்தி போராட்டத்துல ஜெயிலுக்குப் போய் 1914ல பதினாறு வயசுல செத்த பொண்ணு. கடைசியா ஒண்ணு, தரங்கம்பாடி கடற்கரைல ஓசோன் காத்து நெறைய, காலைல நல்லா மூச்ச இழுத்து விடுங்க, நுரையீரலுக்கு மருந்து.

---

மீட்டர்கேஜ்:

ஓசோன நல்லா இழுத்து விட்டா நுரையீரல் எரியும் மாமா. ஓசோன் மேல வானத்துல இருந்தா நல்லது, மூக்குக்கிட்ட இருந்தா கேடு. அங்க நமக்கு வர்ற கடல் வாசனை, கடல்ல இருக்கற பாசி, நுண்ணுயிரிகள்லருந்து வர்ற கந்தக வாயு. நல்ல காத்துதான், அதுல சந்தேகமில்ல, ஆனா அதுக்குக் காரணம் ஊர்ல தொழிற்சாலை இல்ல, வண்டி இல்ல, அவ்ளோதான்.

அப்புறம், மாயவரத்துலருந்து பஸ் ஏறுங்கன்னு சொல்லிட்டீங்க. ஏன் பஸ் ஏறணும்? தரங்கம்பாடிக்கே ரயில் இருந்துச்சு. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார்னு நின்னு நின்னு வரும். எண்பதுகள்ல நிறுத்திட்டாங்க. நான் போனது அத மட்டும் பாக்க. ஸ்டேஷன் எங்க இருந்துச்சுன்னு ஒரு டீக்கடைல கேட்டேன், டீ ஆத்திட்டிருந்தவரு அப்படியே நிறுத்தி ரெண்டு கிளாஸையும் கைல புடிச்சுக்கிட்டு, எந்த வண்டிக்குன்னு கேட்டாரு. கிண்டலுக்கா நெசமாவான்னு அந்த மூஞ்சில ஒண்ணும் தெரியல. கடைல இருந்த நாலு பேரும் சிரிக்கல. நான் காலை வண்டிக்குன்னு சொல்லிட்டேன். போயிடுச்சே அப்படின்னுட்டு மறுபடி ஆத்த ஆரம்பிச்சுட்டாரு.

---

ஊர்சுற்றி_மாமா:

ஓசோன்னு நான் சொல்லல, அந்த ஊர்லயே எல்லாரும் சொல்றது. நீங்க போய் அவங்ககிட்ட சண்ட போடுங்க.

---

ஜன்னலோர_சீட்டு:

மாமா லிஸ்ட்ல பொம்பளைங்க தனியாப் போனா என்னன்னு ஒரு வரி இல்ல பாருங்க. நான் போனேன். பயமெல்லாம் ஒண்ணும் இல்ல, ஆனா கேள்வி இருக்கே. தனியாவா வந்த, தனியாவா வந்தன்னு காலைலருந்து ஆட்டோக்காரர், பூ விக்கிற அம்மா, சர்ச்சு வாசல்ல ஒரு தாத்தா, எட்டுப் பேரு கேட்டாச்சு. மொத ரெண்டு பேருக்கு ஆமான்னு நேரா சொன்னேன், அப்புறம் வீட்டுக்காரர் பின்னாடி வர்றாருன்னு அடிச்சு விட ஆரம்பிச்சேன். எனக்குக் கல்யாணமே ஆகல.

சாயங்காலம் ஒரு வீட்டு வாசல்ல இட்லிக்கடை. நீல பெயிண்ட் உரிஞ்ச கதவு, வாசல்லயே அடுப்பு, அந்தக்கா துணிய இட்லித்தட்டுலருந்து தண்ணி தெளிச்சு ஒரு இழுப்புல உரிக்கிற அழகே தனி, ஒரு இட்லி கூட ஒட்டல. அவங்களும் கேட்டாங்க, தனியாவா பாப்பா? நான் ஒன்பதாவது தடவையா வாயத் தொறக்கறதுக்குள்ள, நானும் ஒரு தடவ தனியாப் போகணும்னு இருக்கேன்னாங்க. எங்கக்கா போவீங்கன்னேன். யோசிச்சாங்க. வேளாங்கண்ணின்னாங்க. அது பக்கம்தானே, காலைல போனா சாயங்காலம் வந்துடலாமேன்னேன். இல்ல, ராத்திரி அங்கயே தங்கணும், விடிஞ்சா யாராவது எனக்கு இட்லி சுட்டுக் குடுக்கணும், சூடா, நான் ஒக்காந்து திங்கணும்னாங்க.

சொல்லிட்டு அவங்களே சிரிச்சுட்டாங்க. நாலு இட்லிக்குக் காசு வாங்கி அஞ்சு வச்சாங்க. போனாங்களான்னு தெரியல. நம்பர் கூட வாங்காம வந்துட்டேன், லூசு மாதிரி.

---

பொறையார்க்காரன்:

எல்லாத்தையும் படிச்சேன். நான் அந்த ஊருதான், இப்பதான் பொறையார். கோச்சுக்காதீங்க, ஆனா அமைதியான ஊரு அமைதியான ஊருன்னு ஆளாளுக்கு எழுதும்போது எரிச்சலா வருது. ஊரு ஏன் அமைதியா இருக்கு தெரியுமா? என் செட்ல படிச்சவன்ல பாதிப்பேரு சிங்கப்பூர், துபாய், மிச்சப்பேரு திருப்பூர். தெருவுல சத்தம் போட ஆள் இல்ல. கேட்ச் விட்ட தம்பி, நீங்க பாத்த பசங்கதான் மிச்சம், அவனுங்களும் காலேஜ் முடிச்சா கெளம்பிடுவானுங்க. பழைய வீடெல்லாம் வெள்ளையடிச்சு தங்கும் விடுதி ஆக்கினதுல நல்லது நடக்கலன்னு சொல்லல, நாலு பேருக்கு வேல கெடச்சுது. ஆனா அங்க ஒரு காப்பி குடிக்க எங்க ஊர்க்காரனே ரெண்டு தடவ யோசிப்பான்.

சரி, அனுபவம்னு கேட்டதால ஒண்ணு. நான் எட்டாவது படிக்கும்போது, சுனாமிக்கெல்லாம் ரொம்ப முன்ன, ஒரு வெள்ளக்காரப் பாட்டி வந்துச்சு. அங்க டேனிஷ்காரங்க கல்லறைத் தோட்டம் இருக்குல்ல, அதுல அவங்க முன்னோர் யாரோ ஒருத்தரத் தேடி. கல்லுல எழுத்தெல்லாம் பாசி ஏறிக் கெடந்துச்சு. நான் தேங்கா நார வச்சுத் தேச்சேன், பாசி போச்சு, ஆனாலும் படிக்க முடியல, தேஞ்சு போயிருந்துச்சு. அந்தம்மா பாட்டில் தண்ணிய ஊத்துச்சு பாருங்க, ஊத்தின ஒடனே எழுத்து கருப்பா எழும்பி வந்துச்சு, முழுப் பேரும். அது நோட்டுல எழுதறதுக்குள்ள வெயில்ல காஞ்சு மறுபடி ஒண்ணுமில்லாமப் போச்சு. திரும்பத் தண்ணி, திரும்ப நாலு எழுத்து. பாட்டில் காலி. நான் ஓடிப் போய் வீட்லருந்து கொடத்தத் தூக்கிட்டு வந்தேன். அப்ப எங்க தெருவுல தண்ணிக்கு ஒரே ஒரு பைப்பு, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். எங்கம்மா பின்னாடியே ஓடி வந்து, செத்தவனுக்கு ஊத்த எங்க வீட்டுக் கொடந்தான் கெடச்சுதான்னு என் முதுகுல ஒண்ணு வச்சுச்சு. அந்தம்மாவுக்குத் தமிழ் புரியல, ஆனா அடி புரிஞ்சுது. மொகம் செவந்து போச்சு, ரெண்டு கையையும் தூக்கி வேணாம் வேணாம்னுச்சு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் புரியல. எங்கம்மா அந்தக் கல்லையும் அந்த நோட்டையும் மாறி மாறிப் பாத்துச்சு. கொடத்த என் கைலருந்து புடுங்கி, அதுவே மெல்லமா, ஒரு கைய அணை போட்டு, அந்தக் கல்லுல ஊத்த ஆரம்பிச்சுடுச்சு. கொடம் காலியாகற வரைக்கும். கடைசில பாத்தா அந்தப் பேரு அவங்க தேடின பேரு இல்லையாம். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல குளிக்கத் தண்ணி இல்ல.

---

கேட்ச்_விட்டவன்:

அண்ணே, டச்சுன்னு எழுதினதுக்கு மன்னிச்சுக்கங்க. அம்மா நல்லா இருக்காங்களா?

---

பொறையார்க்காரன்:

இருக்காங்க. இன்னும் தண்ணி விஷயத்துல அதே கறார்தான்.

---

மீட்டர்கேஜ்:

மேல மொத போஸ்ட் போட்டவரு அப்புறம் ஆளே காணும். பைய எடுத்தீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க.

---

சும்மா_சுத்துறவன்:

எடுத்தேன். எடுத்து மடில வச்சுக்கிட்டு மணல்ல தள்ளி ஒக்காந்தேன். அவரு பாத்துட்டு, அட வைங்க தம்பி, பை ஈரமாயிடப் போவுதுன்னாரு. நான் இல்லங்கய்யா பரவால்லங்கய்யான்னேன். வைங்கன்னாரு மறுபடியும், இந்தத் தடவ கொஞ்சம் கண்டிப்பா, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட பெரியவங்க சொல்ற மாதிரி. வச்சேன். மிச்ச பிஸ்கட்ட நீட்டினேன், ரெண்டு எடுத்துக்கிட்டாரு. எட்டு மணி வரைக்கும் ஒக்காந்திருந்தோம், வேற ஒண்ணும் பேசல. கெளம்பும்போது அந்தத் தரை மேல இருந்த மணல நான் கையாலத் தட்டி விட்டேன், எதுக்குன்னு எனக்கே தெரியல, அவரு அதப் பாத்தும் பாக்காத மாதிரி வலையப் பாத்துட்டிருந்தாரு.

ஜன்னலோர சீட்டு, அந்த இட்லிக்கடை கேட்டுக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா?